நற்குணத்தில் வளர: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்துச் சில மாதங்கள் ஆனதும் பலருக்கு ஒரு திகைப்பு வருகிறது. ஆலயத்துக்குப் போகிறோம், பாட்டுகள் பழகிவிட்டன, மாற்கு சுவிசேஷத்தை வாசித்து முடித்தாயிற்று. ஆனால் வீட்டில் அதே கோபம், கடையில் அதே பொய், மனதில் அதே பழைய பகை. "இயேசுவை ஏத்துக்கிட்டேன், ஆனா ஆள் மாறலையே" என்று வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து ஜெபக்கூட்டங்களில் வாய்விட்டுச் சொல்கிறவர்கள் உண்டு. சொல்ல வெட்கப்பட்டு, மெல்ல மெல்லக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்காகவும் இதை எழுதுகிறேன். நீங்கள் சி.எஸ்.ஐ. சபையா, கத்தோலிக்கரா, பெந்தெகொஸ்தேயா என்பது இதில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோரும் செய்யக்கூடிய வேலைகள்தான்.

தொடங்குமுன்: எது முதலில், எது பிறகு

எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் 8, 9, 10 ஆகிய மூன்று வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று தொடங்கி, கிரியைகளால் அல்ல என்று சொல்லி, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று முடிகிறது. முதலில் தேவன் ஏற்றுக்கொள்கிறார், அதன்பின் நாம் நல்லது செய்யக் கற்றுக்கொள்கிறோம். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் கதையிலும் (லூக்கா 19) இதே வரிசைதான். இயேசு அவன் வீட்டுக்குப் போவேன் என்று சொன்ன பிறகுதான், அநியாயமாய் வாங்கியதைத் திருப்பித் தருகிறேன் என்று அவன் வாய் திறக்கிறான்.

நான் நல்லவனாக நடந்தால்தான் கடவுள் என்னைப் பார்ப்பார் என்ற எண்ணம் நம் எலும்பில் ஊறியது. மதம் மாறியதும் அது தானாகப் போய்விடாது. அது இருக்கும்வரை ஒவ்வொரு தவறும் "உன்னைத் தள்ளிவிட்டார்" என்று உங்களை மிரட்டும். மிரட்டலில் வளர்கிறவர் தவறை மறைக்கத்தான் கற்றுக்கொள்வார். அதனால் இந்த வரிசை மனதில் நிற்கும்வரை மற்ற எதையும் தொடங்க வேண்டாம். தினமும் அந்த மூன்று வசனங்களையும் சத்தமாக வாசித்துவிட்டு வேலைக்குப் போங்கள், போதும்.

ஒரு குணம், ஒரு ஆள்

கலாத்தியர் 5:22, 23இல் ஆவியின் கனி என்று பவுல் ஒன்பது குணங்களைச் சொல்கிறார்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். புதியவர்கள் இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, ஒன்பதையும் ஒரே வாரத்தில் பிடிக்கப் பார்க்கிறார்கள். அப்புறம் களைத்துப் போகிறார்கள்.

ஒன்றை மட்டும் எடுங்கள். எடுத்ததும், "இது யாரிடம்?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் நகர்த்துகிறது. பொதுவாகப் பொறுமையாக இருக்க யாராலும் முடியாது. குறிப்பிட்ட ஒருவரிடம், குறிப்பிட்ட நேரத்தில்தான் பொறுமையாக இருக்க முடியும். "இனி கோபப்படமாட்டேன்" என்று எழுதாதீர்கள். "காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அந்த அரைமணி நேரம் மனைவியிடம் கத்தமாட்டேன்" என்று எழுதுங்கள். "தயவாக இருப்பேன்" என்பதை விட்டுவிட்டு, "ஷூ கம்பெனியில் என் லைனுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுப்பேன், சூப்பர்வைசர் முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்கமாட்டேன்" என்று எழுதுங்கள். ஒரு சின்ன நோட்டு போதும். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பெயர்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் மிஷனரி வேலைக்கு வருவதில்லை என்ற தீர்மானத்தோடு இருந்தவர். திண்டிவனத்தில் பெற்றோரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். ஆண் என்பதால் அவருடைய மருத்துவத் தகப்பனாரை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ அப்போது மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த மூன்று பேர்தான் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பி மருத்துவம் படிக்கவைத்தார்கள் என்று சொல்லலாம். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை. "இந்தியப் பெண்கள்" என்ற பொதுச்சொல் அவரை அசைக்கவில்லை. வாசலில் வந்து நின்ற வீடுகள் அசைத்தன. "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" மனுஷகுமாரன் வந்தார் என்ற வசனத்தைத்தான் அந்த நிறுவனம் இன்றும் தன் குறிக்கோளாக வைத்திருக்கிறது.

இரவில் பத்து நிமிடம்

படுக்கும் முன் சங்கீதம் 139இன் கடைசி இரண்டு வசனங்களைச் சொல்லுங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." பிறகு அன்றைய நாளைக் காலையிலிருந்து நினைத்துப் பாருங்கள். முதலில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று தேடுங்கள். அடுத்து, நோட்டில் எழுதிய அந்த ஆளிடம் இன்று எப்படி நடந்தேன்? தவறியிருந்தால் அதைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "ஏதாவது பாவம் செய்திருந்தால் மன்னியும்" என்பது அறிக்கை ஆகாது. கடைசியாக, நாளைக்கு அதே நேரம், அதே இடத்தில் என்ன செய்யப் போகிறேன் என்று ஒரு வரி. கத்தோலிக்கர்கள் இதை ஆன்ம சோதனை என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில், இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் இதைத் தம் தோழர்களுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார். எந்தச் சபைக்காரரும் செய்யலாம். களைப்பாக இருந்தால் ஐந்து நிமிடம் செய்யுங்கள். விடாமல் செய்வதுதான் முக்கியம்.

பணம்: தள்ளிப்போடாமல் செய்ய வேண்டியது

நான் பார்த்தவரை, ஒருவர் உண்மையாக மாறுகிறாரா என்பது அவருடைய பாட்டில் தெரிவதற்கு முன்னால் அவருடைய கணக்கில் தெரிந்துவிடும். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தாள் எடுத்து, யாருக்கு என்ன தர வேண்டும் என்று எழுதுங்கள். மளிகைக் கடை பாக்கி. எடுத்துவிட்டுக் கட்டாமல் நின்ற சீட்டு. "அடுத்த மாசம்" என்று தள்ளிக்கொண்டே வந்த வீட்டுவேலை அம்மாவின் சம்பளம். மகளிர் குழுவில் உங்கள் தவணையை மற்றவர்கள் சேர்ந்து கட்டிய அந்த மாதம். தம்பி பங்கில் நீங்கள் அனுபவிக்கும் நிலம். கொடுக்க வேண்டியதையும், அநியாயமாய் எடுத்ததையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கொடுக்க வேண்டியதில் கூலி முதலில் வரட்டும். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. நம்மிடம் கூலி கேட்க முடியாத நிலையில் இருப்பவர்தான் பட்டியலின் முதல் ஆள். வங்கிக்காரர் எப்படியும் வந்து கேட்பார், பாத்திரம் தேய்க்கும் அம்மா கேட்கமாட்டார்.

அநியாயமாய் எடுத்ததற்கு லேவியராகமம் 6:5 ஒரு அளவு சொல்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் என்றால் ஆயிரத்து இருநூறு. சகேயு நாலத்தனையாகத் தந்தான். இதைச் சட்டமாக உங்கள்மேல் ஏற்றவில்லை. ஆனால் எடுத்ததை மட்டும் வைத்துவிட்டு வந்தால் போதாது என்பது வேதத்தின் போக்கு. ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணை சொல்லுங்கள், அந்தத் தேதி தவறக்கூடாது. போய்ப் பேசும்போது நீட்ட வேண்டாம். "இது உங்க பணம். நான் வெச்சிருந்தது தப்பு. மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான். ஏன் எடுத்தேன், அப்போது எவ்வளவு கஷ்டம் என்ற கதையெல்லாம் நம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு. அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். உரியவர் இறந்துவிட்டால் அவர் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில தவறுகளை நீங்கள் போய்ச் சொன்னால் மூன்றாவது ஒருவரின் வாழ்க்கை உடையும். சிலவற்றில் போலீஸ், கோர்ட்டு விஷயம் வரும். அப்படிப்பட்டதை உணர்ச்சிவசப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்க் கொட்டாதீர்கள். முதலில் நம்பகமான ஆயரிடமோ, பங்குத்தந்தையிடமோ, தேவைப்பட்டால் ஒரு வக்கீலிடமோ பேசுங்கள். மறைப்பதற்காக அல்ல, யாரையும் மிதிக்காமல் சரிசெய்வதற்காக.

வெளியூர் நோயாளி

வேலூரில் இருப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். மொழி தெரியாது, ஊர் தெரியாது, கையில் நிலத்தை விற்ற பணம் இருக்கும். அவர்களை வைத்துத்தான் மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜும் ஆட்டோவும் மெஸ்ஸும் மருந்துக்கடையும் நடக்கின்றன. நீங்கள் அந்தத் தொழில்களில் இருந்தால் உங்கள் நோட்டில் வர வேண்டிய ஆள் அவர்தான்.

"உங்களிடத்தில் வாசம்பண்ணுகிற அந்நியனைச் சுதேசி போல எண்ணுங்கள்" என்பது லேவியராகமம் 19:34இன் கட்டளை. அதை ஆட்டோவில் எப்படிச் செய்வது? காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உள்ளூர்க்காரரிடம் என்ன கேட்பீர்களோ அதையே கேளுங்கள். ஏறும் முன்பே விரலில் காட்டியாவது தொகையைச் சொல்லிவிடுங்கள். லாட்ஜில் என்றால் தண்ணீருக்கு, கேஸ் அடுப்புக்கு, கூட ஒரு ஆள் தங்குவதற்கு எவ்வளவு என்பதை முதல் நாளே அவர்கள் மொழியில் எழுதி ஒட்டுங்கள். வங்காளம் எழுதத் தெரிந்தவர் அந்தத் தெருவிலேயே கிடைப்பார். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழி தராசு வைத்திருப்பவருக்கு மட்டும் சொன்னதில்லை. எல்லோரும் அப்படித்தானே வாங்குகிறார்கள், நான் மட்டும் குறைத்தால் கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். வருமானம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். குறையாது என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

வாய்

பொய்யும் கெட்ட வார்த்தையும் விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விசுவாசிகளுக்கே உரிய ஒரு நோய் வேறு இருக்கிறது: "ஜெபத்துக்காகச் சொல்றேன்" என்று தொடங்கி அடுத்தவர் வீட்டு ரகசியத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. அந்த நபர் அனுமதி கொடுத்தாரா என்று பாருங்கள். கொடுக்கவில்லையென்றால் நீங்கள் தனியாக ஜெபித்தால் போதும், தேவனுக்கு விவரம் தெரியும். ஒருவர்மேல் உங்களுக்குக் குறை இருந்தால் மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் அவரிடமே, தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.

சாதி

இதைத் தொடாமல் வட ஆற்காட்டில் நற்குணம் பற்றி எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. அதன் வழிவந்த நம் கிராமச் சபைகளை நிரப்பி நிற்பவர்களில் தலித் மக்கள்தான் பெரும்பான்மை. அப்படியிருந்தும் திருமணப் பேச்சு வந்ததும் "நம்ம ஆளுங்களா" என்ற கேள்வி விசுவாசி வீட்டிலேயே எழுகிறது.

கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் பேதுரு என்ன செய்தார் என்று பாருங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் எல்லோருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். அப்போஸ்தலருக்கே சாப்பாட்டில்தான் சறுக்கியது. அதனால் நீங்களும் சாப்பாட்டிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் சபையில் உங்கள் சாதியில்லாத ஒரு குடும்பத்தை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். வீட்டில் புழங்கும் அதே தட்டு, அதே டம்ளர். அவர்கள் கூப்பிட்டால் போய், வயிறாரச் சாப்பிட்டு வாருங்கள். உறவுக்காரர்கள் வரும் நாளில் அந்த நட்பை மறைக்காதீர்கள். ஆதிக்கச் சாதியிலிருந்து வந்தவராக நீங்கள் இருந்தால், முதல் அடி எடுத்துவைக்க வேண்டியது நீங்கள்தான்.

வீட்டில் நீங்கள் மட்டும் விசுவாசி என்றால்

ஆடி மாதம் கூழ் வார்க்கும்போதும், குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உறவுகள் எல்லாம் வீட்டில் நிறையும்போதும் உங்களுக்குச் சங்கடம் வரும். படையலில் பங்கெடுப்பது, பிரசாதம் வாங்குவது பற்றி 1 கொரிந்தியர் 8, 10ஆம் அதிகாரங்களை உங்கள் ஆயரோடு உட்கார்ந்து வாசியுங்கள். என்ன முடிவெடுத்தாலும் அதை அம்மாவிடம் முந்தைய நாளே, தனியாக, மெதுவான குரலில் சொல்லுங்கள். கூட்டத்துக்கு நடுவில் "நான் வரமாட்டேன்" என்று சொல்லி அவர் முகத்தைக் கவிழ்க்க வேண்டாம். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, இலை எடுப்பது, பாட்டியை ஆட்டோவில் கொண்டுபோய் விடுவது என்று அன்றைக்கு மற்ற யாரையும்விட அதிகமாக ஓடியாடுங்கள். அம்மா அப்பாவின் நம்பிக்கையைப் பற்றி ஒரு கேலிச் சொல்கூட உங்கள் வாயில் வரக்கூடாது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொன்ன கட்டளை அவர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தால் மட்டும் என்று சொல்லவில்லை.

தனியாக முடியாது

ஒரு துணை தேடுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். உங்களைவிடக் கொஞ்சம் முன்னால் நடப்பவர், வாயைக் கட்டத் தெரிந்தவர். வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம். 1738இல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில் முதல் கேள்வி, போன தடவை கூடியதிலிருந்து நீங்கள் அறிந்து செய்த பாவம் என்ன என்பது. அதையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சொன்னதும் புத்திமதியை ஆரம்பிக்காமல் முதலில் ஜெபிக்கிறவர் நல்ல துணை. கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அதற்கு ஒழுங்காகப் போங்கள்.

விழுவீர்கள். "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" என்கிறது நீதிமொழிகள் 24:16. விழுந்த அன்றே 1 யோவான் 1:9ஐப் பிடித்துக்கொண்டு அறிக்கை செய்து, யாரிடம் தவறினீர்களோ அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாள் அதே பக்கத்திலிருந்து தொடருங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் ஜெபத்தோடு வேறு உதவியும் உடனே வேண்டும். ஒன்று குடி. பல வருடமாகத் தினமும் அதிகம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. அங்கே போவது விசுவாசக் குறைவு இல்லை. மற்றொன்று அடி. கணவர் அடிக்கிறார் என்றால் அதைத் தாங்கிக்கொண்டிருப்பது நீடியபொறுமை என்று யார் சொன்னாலும், ஆயரே சொன்னாலும், ஏற்காதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மன்னிப்பைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வளர்கிறோமா என்று எப்படித் தெரியும்

உங்களுக்கே தெரியாது. நமக்கு நாமே கொடுக்கும் மதிப்பெண் ஒன்று அதிகமாக இருக்கும், இல்லையென்றால் மிகக் குறைவாக இருக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து, நோட்டில் பெயர் எழுதியிருக்கும் அந்த ஆளிடமே கேளுங்கள்: "முன்னைக்கு இப்போ எப்படி இருக்கேன்?" பிள்ளைகளிடம் கேட்டால் இன்னும் நேராகச் சொல்வார்கள். "பரவாயில்லையே" என்று பதில் வந்தால் தேவனுக்கு நன்றி சொல்லி, அடுத்த பக்கத்தில் அடுத்த பெயரை எழுதுங்கள். "அப்படியேதான் இருக்கீங்க" என்று வந்தால் பெயரை மாற்றாதீர்கள். எந்த நேரத்தில், எந்த வார்த்தை அவரை நோகடிக்கிறது என்று கேட்டு, அதைக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக் காலைக்கான ஜெபத்துக்கு அது போதும்.